சோலைவரியும் ஆட்சேபனை உரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

வரியின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் நிலவரியையும் சுங்கவரியையுமே தமது ஆய்வுக்குரிய பொருளாகக் கொண்டுள்ளனர். பேரரசுகள் எழுந்ததும் வீழ்ந்ததும் இவ்வரிகளாலேயே என்பதால் அது வியப்பன்று. குடியிருக்கும் வீட்டின்மீது உள்ளூராட்சி மன்றம் விதிக்கும் சிறுவரி அவர்களது கண்ணிற் பட்டதில்லை. எனினும் சாதாரண குடிமகன் ஒருவன் அரசின் கணக்கைத் தன் கையிற் பெற்று, "இக்கணக்குப் பிழை" என எழுத்தில் மறுத்துரைப்பதற்குச் சட்டமே அழைப்பு விடுக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று இவ்வரியாகும். யாழ்ப்பாணத்து வழக்கிற் சோலைவரி என்றும், அலுவலக வழக்கில் மதிப்பீட்டு வரி, ஆதனவரி என்றும் வழங்குவது இதுவே.

இவ்வரியை விளங்கிக்கொள்வதற்கு முதலில் இரு எண்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று வீட்டின் ஆண்டுப் பெறுமதி. மற்றையது அப்பெறுமதியில் நூற்றுக்கு இவ்வளவு எனச் சபை தீர்மானிக்கும் வரிவீதம். உதாரணமாக, ஆண்டுப் பெறுமதி 12,000 ரூபா எனவும் வரிவீதம் நூற்றுக்குப் பத்து எனவும் கொண்டால், ஆண்டுக்கு 1,200 ரூபாவும் காலாண்டுக்கு 300 ரூபாவும் செலுத்தல் வேண்டும். வரிவீதம் சபையின் அரசியல் தீர்மானம். அதனை மாற்ற விரும்புவோர் தேர்தலில் மாற்றலாம். தனிமனிதன் ஆட்சேபிக்கத்தக்கது ஆண்டுப் பெறுமதி ஒன்றையே. வரி கூடிவிட்டது என்று மட்டும் எழுதப்படும் ஆட்சேபனைகள் பயனற்றுப் போவதன் காரணம் இதுவே. இப்பிரிவு எவ்வாறு தோன்றியது, அதனால் குடிமகன் பெற்றது யாது, இழந்தது யாது என்பனவே இங்கு நோக்கப்படுகின்றன.

இதன் தோற்றுவாய் இங்கிலாந்தின் 1601ஆம் ஆண்டு ஏழைகள் நிவாரணச் சட்டமாகும். எலிசபெத் அரசியின் ஆட்சியிறுதியில் இயற்றப்பட்ட இச்சட்டம், ஒவ்வொரு கோவிற்பற்றிலும் நியமிக்கப்படும் மேற்பார்வையாளர்கள் அவ்விடத்து வாசிகளிடமும், நிலமும் வீடும் அனுபவிப்போரிடமும் வரி அறவிட்டு வறியோரைப் பராமரிக்க வேண்டுமென விதித்தது. மேற்பார்வையாளர் வேறெவருமல்லர், அக்கோவிற்பற்றிற் குடியிருந்த வசதிபடைத்தோரே. அயலவனின் பொருள்நிலையை அறிந்த அயலவனே வரியைக் கணித்தான். இம்முறையின் வலிமையும் அதுவே, பலவீனமும் அதுவே. பகைக்கும் உறவுக்கும் அங்கு நிறைய இடமிருந்தது. எனவேதான் அதே சட்டம், வரிவிதிப்பினால் தமக்குக் குறை நேர்ந்ததெனக் கருதுவோர் சமாதான நீதவான்களின் காலாண்டு அமர்வில் முறையிடலாம் என்ற ஏற்பாட்டையும் கூடவே கொண்டிருந்தது. வரியும் மேன்முறையீடும் ஒரே சட்டத்திற் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் எனலாம்.

ஆனால் வரியை எதன்மீது அளப்பது என்பதைச் சட்டம் தெளிவாகக் கூறவில்லை. ஒருவனுடைய முழுச் செல்வத்தின் மீதா, அல்லது அக்கோவிற்பற்றிற் கண்ணுக்குத் தெரியும் உடைமையின் மீதா? 1633இல் சேர் அந்தனி ஏர்பி என்பாரின் வழக்கில், அவ்விடத்திலே கண்ணுக்குப் புலனாகும் உடைமைக்கு ஏற்பவே வரி விதிக்கப்படல் வேண்டுமென நீதிபதிகள் கருத்துரைத்தனர். மனிதனை அளப்பதை விட்டு மனையை அளக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. இன்றும் சோலைவரி அறிவித்தல் வீட்டுக்காரரின் சம்பளத்தைக் கேட்பதில்லை. ஓய்வூதியத்தில் வாழும் விதவையின் வீடும், அதே அளவினதாய் அடுத்த வளவிலிருக்கும் வணிகரின் வீடும் ஒரே பெறுமதியைப் பெறுகின்றன. இவ்வநீதியின் வேர் பதினேழாம் நூற்றாண்டின் ஒரு நீதிமன்ற மண்டபத்தில் உள்ளது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரு முக்கிய மாற்றங்கள் நிகழ்ந்தன. விதிக்கப்பட்ட வரி அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திற் பகிரங்கமாக அறிவிக்கப்படல் வேண்டும் எனவும், கோவிற்பற்றுவாசிகள் சிறு கட்டணம் செலுத்தி வரிப்புத்தகத்தைப் பார்வையிடலாம் எனவும் 1743இன் சட்டமொன்று விதித்தது. அடுத்த ஆண்டில் வந்த சட்டம், மேன்முறையீட்டை விசாரிக்கும் நீதவான்கள் வரிப்பட்டியல் முழுவதையும் தள்ளுபடி செய்யாது பிழையான பதிவை மட்டும் திருத்த வழிசெய்தது. அதுவரை ஒருவனுக்கு நேர்ந்த பிழை முழுப் பட்டியலையும் வீழ்த்தக்கூடியதாயிருந்தது. அதன்பின் அவனுடைய குறை அவனுக்கு மட்டுமே உரிய குறையாயிற்று. நிருவாகத்துக்கு இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை.

1836ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கோவிற்பற்று மதிப்பீட்டுச் சட்டமே இவ்வரலாற்றின் நடுநாயகமானது. அதற்கு முன்னர் ஒவ்வொரு கோவிற்பற்றும் தன் விருப்பின்படி அளந்தது. புதிய சட்டம் அளவுகோல் ஒன்றினை நிறுவியது: குறித்த ஆதனம் ஆண்டுக்காண்டு வாடகைக்கு விடப்படின் நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வாடகை யாது? அதிலிருந்து திருத்தவேலை, காப்புறுதி முதலிய செலவுகளைக் கழித்துப் பெறுவதே நிகர ஆண்டுப் பெறுமதி. இவ்வாறு சட்ட உலகில் ஒரு விசித்திரமான மனிதன் பிறந்தான். அவன் கற்பனை வாடகையாளன். உண்மையில் அவ்வீட்டில் எவர் குடியிருக்கிறார், என்ன வாடகை கொடுக்கிறார், வாடகையே கொடுக்கிறாரா என்பன முடிவானவையல்ல. வீட்டுவாசலில் வந்து நிற்கும் அந்த உருவமற்ற மனிதன் எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்பான் என்பதே கேள்வி. தன் சொந்த வீட்டில் வாழ்பவரும் இச்சட்டத்தின் கண்ணில் தமக்குத் தாமே வாடகைக்காரராவார்.

இம்மனிதன் கற்பனையானவனாயினும் அவனைப்பற்றி வாதிட முடியும் என்பதே அவனுடைய பெருமை. கூரை ஒழுகும் வீட்டுக்கு அவன் குறைவாகவே கொடுப்பான். வெள்ளம் நிற்கும் ஒழுங்கைக்கு அவன் வரத் தயங்குவான். அடுத்த வீட்டை ஒருவர் குறைந்த தொகைக்கு வாடகைக்கு எடுத்திருப்பின், இவ்வீட்டுக்கு அதற்கு மேல் அவன் கொடுக்க உடன்படான். அயலவனின் கண்மதிப்பின் இடத்தை நிரூபிக்கத்தக்க காரணங்கள் பிடித்துக்கொண்டன. 1862இன் சட்டம் மதிப்பீட்டுக் குழுக்களை அமைத்து, ஆட்சேபனைகள் முதலில் அக்குழுக்களின் முன்னரே கேட்கப்படவும் வழிசெய்தது.

ஆயின் குறைந்த மதிப்பீடு எப்பொழுதும் நன்மையே என்று கொள்ளலாகாது. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் நகரத் தொகுதிகளில் 10 பவுண் ஆண்டுப் பெறுமதியுள்ள வீட்டை அனுபவிப்போருக்கே வாக்குரிமை அளித்தது. அவர்கள் ஏழைவரிக்கு உட்பட்டவராயும் அதனைச் செலுத்தியவராயும் இருத்தல் வேண்டும். வரியைக் குறைக்க வேண்டித் தன் வீட்டின் எளிமையைப் பேசியவன், வாக்குக் கேட்கையில் அதன் அருமையைப் பேசவேண்டியவனானான். ஒரு வீட்டின் பெறுமதி வரிக்கு அப்பாலும் பல கதவுகளைத் திறக்கும் திறவுகோலாகிவிட்டது. இதே முரண்பாடு பிற்காலத்தில் இலங்கையிலும் வேறொரு வடிவிலே தலைகாட்டியது.

ஆங்கிலேயர் இவ்வரியைக் கீழைத்தேயங்களுக்குக் கொண்டுவந்தபோது நிகழ்ந்தது வேறு. சென்னைப் பட்டினத்தில் 1680களில் கும்பனியார் வீட்டுவரி அறவிட முனைந்த வேளைகளில் நகரமக்கள் எதிர்த்து நின்றனர். தம்மவர் அமர்ந்துள்ள ஒரு சபை விதிக்கும் வரியை மக்கள் மனமுவந்து கொடுப்பர் என்ற எண்ணம் கும்பனி இயக்குநர் ஜோசையா சைல்ட் என்பாருக்கு இருந்தது. 1688 செப்டெம்பரிற் சென்னை மாநகராட்சி தொடக்கி வைக்கப்பட்டதன் பின்னணியில் இவ்வெண்ணமும் உண்டு. உள்ளூர்ச் சுயாட்சியின் தொட்டிலாகப் போற்றப்படும் அந்நிறுவனம், உண்மையில் வரிக்கான தூண்டிலாகவும் வடிவமைக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதனினும் கூடுதலாக ஆராயத்தக்கது காசி நகரில் 1810–1811இல் நிகழ்ந்த வீட்டுவரி எதிர்ப்பாகும். வங்காள அரசின் 1810ஆம் ஆண்டு 15ஆம் ஒழுங்குவிதி, குடியிருப்பு வீடுகளின் ஆண்டு வாடகையில் நூற்றுக்கு ஐந்தும் கடைகளுக்கு நூற்றுக்குப் பத்தும் வரியாக விதித்தது. உரிமையாளரே வாழும் வீடுகளுக்கு, அயலிலுள்ள அதே அளவும் தன்மையும் கொண்ட வீடுகளின் வாடகை அளவுகோலாக்கப்பட்டது. மதிப்பீட்டை எதிர்த்து மேன்முறையிடவும் இடமளிக்கப்பட்டது. ஆனால் அம்முறையீடு ஆதாரமற்றது எனக் காணப்படின் முறையிட்டவருக்கே தண்டம் விதிக்கலாம் எனவும் அவ்விதி கூறியது! ஒரு கையாற் கதவைத் திறந்து மறுகையால் அதில் முள்ளை வைத்த செயல் இது.

காசி மக்கள் அக்கதவினுள் நுழையவில்லை. வீடுகளைக் கணக்கெடுக்கும் வேலை தொடங்கியதும் கொல்லர், நெசவாளர், படகோட்டிகள் உள்ளிட்ட பல தொழிலினரும் வேலையை நிறுத்தினர். கடைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறித் திறந்தவெளியில் வாரக்கணக்காக அமர்ந்திருந்தனர். அவர்களது விண்ணப்பங்கள் இவ்வீட்டின் பெறுமதி இவ்வளவு, அவ்வீட்டின் பெறுமதி அவ்வளவு என வாதிடவில்லை. முத்திரைக் கட்டணமும் சுங்கமும் ஏற்கெனவே செலுத்துவோரிடம் வீட்டுக்கும் வரி கேட்பது முறையோ என்றே வினவின. விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன, கூட்டம் கலைக்கப்பட்டது. எனினும் அரசு 1811இல் அவ்வரியைக் கைவிட்டது. இந்நிகழ்ச்சியை அலுவலக ஆவணங்கள் கொண்டு 1971இல் நூலாக வெளிப்படுத்தியவர் தரம்பால் ஆவார்.

இங்கு இருவகை ஆட்சேபனைகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று வரியையே மறுக்கும் கூட்டான ஆட்சேபனை. மற்றது வரியை ஏற்றுக்கொண்டு அதன் கணக்கை மட்டும் மறுக்கும் தனி ஆட்சேபனை. பின்வந்த உள்ளூராட்சிச் சட்டங்கள் இரண்டாவதை முறைப்படுத்திய அளவுக்கு முதலாவதற்கு இடம் தரவில்லை. ஆட்சேபனை உரிமை வழங்கப்பட்டதை ஆட்சியாளரின் தாராள மனத்தின் சான்றாக மட்டும் கொள்வோர் இவ்வுண்மையைக் காணத் தவறுகின்றனர். தெருவில் திரண்டு நிற்கக்கூடிய மனக்குறையை, ஒவ்வொன்றாகப் பிரித்துக் கோப்பினுள் இடுவதும் அவ்வுரிமையின் ஒரு பணியாகும். அதற்காக அதனைப் போலி உரிமை எனத் தள்ளிவிடவும் முடியாது. வரிப்புத்தகத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரம் காசி மக்களுக்கு உண்மையில் வாய்க்கவில்லை, நமக்கு வாய்த்துள்ளது.

இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் கொழும்பிலும் கண்டியிலும் சபைகள் தோன்ற வழிவகுத்தது. வாக்குரிமை சொத்துத் தகுதியைச் சார்ந்திருந்தமையால், வரியைத் தீர்மானிப்போரும் வீட்டுடைமையாளரின் பிரதிநிதிகளாகவே இருந்தனர். 1876இன் சட்டத்தால் ஏனைய நகரங்களில் உள்ளூர்ச் சபைகள் எழுந்தன. யாழ்ப்பாண நகரம் 1906இல் அத்தகைய சபையைப் பெற்று, பல படிகளைக் கடந்து 1949இல் மாநகரமாயிற்று. 1939இன் நகர சபைகள் கட்டளைச் சட்டம், 1947இன் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், 1987இன் பிரதேச சபைகள் சட்டம் என்பன பெயரளவில் வேறுபட்டனவாயினும் ஆண்டுப் பெறுமதி என்ற எண்ணக்கரு அனைத்திலும் ஊடுருவி நிற்கின்றது.

1947இன் சட்டம் ஆண்டுப் பெறுமதிக்குத் தரும் வரைவிலக்கணத்தில் 1836இன் கற்பனை வாடகையாளன் கடல்கடந்து வந்து குடியேறியிருப்பதைக் காணலாம். அவன் பொது வரிகளைத் தான் செலுத்துவதாகவும், அவ்வாடகையைப் பெறத்தக்க நிலையில் வீட்டை வைத்திருக்க வேண்டிய திருத்தச் செலவை வீட்டுக்காரர் ஏற்பதாகவும் கொண்டு, ஆண்டுக்காண்டு அவன் கொடுக்கக்கூடிய வாடகையே ஆண்டுப் பெறுமதியாகும். வாடகைக்காரர் இன்றி வீடு வெறுமையாய்க் கிடந்த காலத்துக்காக மதிப்பீட்டிற் கழிவு எதுவும் இல்லை என்பதும் கூறப்பட்டுள்ளது. "வீடு பூட்டிக் கிடந்தது" என்ற முறைப்பாடு மதிப்பீட்டைக் குறைக்காமைக்குக் காரணம் இவ்வாசகமே.

நடைமுறையும் கூர்ந்து நோக்கத்தக்கது. சபை மதிப்பீட்டுப் புத்தகம் ஒன்றினை வைத்திருத்தல் வேண்டும். உரிமையாளரோ குடியிருப்பாளரோ அவர்தம் முகவரோ அதனைக் கட்டணமின்றிப் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கலாம். மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்து ஒரு மாதத்தினுள் எழுத்துமூல ஆட்சேபனை சபைக்கு அனுப்பப்படல் வேண்டும். சபை அதனை விசாரித்துத் தீர்மானிக்கும். அத்தீர்மானத்தினாற் குறையுற்றோர் 30 நாட்களுக்குள் நீதிமன்றில் வழக்கிடலாம். சிறு தொகைகளுக்குரிய வழக்குகளைக் கேட்டுவந்த கோரிக்கை நீதிமன்றங்கள் 1970களின் நீதித்துறை மாற்றங்களோடு மறைந்துபோயின.

இவ்வேற்பாடுகளுள் மிகக் குறைவாக அறியப்பட்டதும், மிகக் கடுமையானதும் ஒன்றுண்டு. எழுத்துமூல ஆட்சேபனையிற் குறிப்பிடப்படாத எந்தக் காரணத்துக்கும் பின்னர் நீதிமன்றில் சான்று அளிக்க முடியாது. மதிப்பீடு மிகையானது எனும் ஒரு வரியை அவசரமாக எழுதிக் கொடுத்தவர், சட்டத்தரணியை நாடும்போது தம் வாயைத் தாமே அடைத்துக்கொண்டவராகிறார். அறை எண்ணிக்கையும் தளப்பரப்பும் பிழையாகப் பதியப்பட்டுள்ளனவா, கட்டடத்தின் வயது கருதப்பட்டதா, அதே தெருவில் ஒத்த வீடுகளின் பெறுமதி யாது, உண்மையிற் பெறப்படும் வாடகைகள் யாவை என்பனவெல்லாம் அந்த முதற் கடிதத்திலேயே இடம்பெறல் வேண்டும். கல்வியறிவு பரவிய நாட்டிலே இதனை ஒரு சிறு நிபந்தனை எனக் கருதலாம். ஆனால் அறிவித்தலின் மொழி விளங்காதோருக்கும், மரண வீடோ இடப்பெயர்வோ நேர்ந்து அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டோருக்கும் அது சிறியதன்று.

அயல் வீட்டோடு ஒப்பிடுதல் எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஆங்கில நீதிமன்றங்களைப் பெரிதும் அலைக்கழித்த வினாவாகும். 1932இல் லேடீஸ் ஹோசியரி நிறுவன வழக்கில், அயலிலுள்ள ஆதனங்கள் குறைவாக மதிக்கப்பட்டுள்ளன என்பதால் மட்டும் சரியாக மதிக்கப்பட்ட ஆதனத்தின் பெறுமதியைக் குறைக்க இயலாது, ஒருமைப்பாட்டுக்காகச் சரிமையைப் பலியிடலாகாது எனத் தீர்க்கப்பட்டது. தர்க்கத்தில் இது குறையற்றது. ஆயினும் வரிசெலுத்துவோரின் நீதியுணர்வு தர்க்கத்திலன்றி ஒப்பீட்டிலேயே வாழ்கிறது. தன் பெறுமதி சந்தை வாடகைக்குச் சரியோ என்று எவரும் முதலிற் கேட்பதில்லை. அடுத்த வீட்டுக்கு எவ்வளவு என்றே கேட்கின்றனர்.

வாடகைக் கட்டுப்பாடு இவ்விடயத்தை மேலும் சிக்கலாக்கியது. யுத்தகால வீட்டுப் பஞ்சத்தின் விளைவாக இலங்கையில் 1942இலும் பின்னர் 1948இலும் வாடகை மட்டுப்பாட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1948இன் சட்டம், 1941 நவம்பரில் நடைமுறையிலிருந்த மதிப்பீட்டின் ஆண்டுப் பெறுமதியையே நியம வாடகைக்கு அடிப்படையாகக் கொண்டது. இதன் பொருள் யாது? 1941க்கு முன்னர் தம் வீட்டின் பெறுமதியைக் குறைக்குமாறு வாதிட்டு வென்ற உரிமையாளர், பல ஆண்டுகளின் பின் அதே குறைந்த தொகைக்கே அதனை வாடகைக்கு விடக் கட்டுண்டார். அக்காலத்திற் பேசாதிருந்த வாடகைக்காரர் பயன்பெற்றார். வரிக்காக உருவாக்கப்பட்ட ஓர் எண், இரு வர்க்கத்தினரின் நலன்களுக்கிடையே தராசாக மாறியது. 1932இன் வருமானவரிக் கட்டளைச் சட்டமும் உரிமையாளர் தாமே வாழும் வீட்டின் நிகர ஆண்டுப் பெறுமதியை வருமானமாகக் கருதியது என்பதையும் இங்குச் சேர்த்து எண்ணுதல் தகும்.

சட்டத்தால் மட்டுப்படுத்தப்பட்ட வாடகைக்கு மேல் பெறமுடியாத வீட்டைக் கற்பனை வாடகையாளன் எவ்வாறு மதிப்பான்? இங்கே இரு நாடுகளின் நீதிமன்றங்கள் இருவழிச் சென்றன. 1922இல் பொப்ளர் மதிப்பீட்டுக் குழுவின் வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை, வாடகைக் கட்டுப்பாடு மதிப்பீட்டைக் கட்டுப்படுத்தாது என்றது. கற்பனை வாடகையாளனை உண்மையான சட்டம் தொடாது என்பது அதன் நிலை. 1961இல் இந்திய உயர்நீதிமன்றம் கல்கத்தா மாநகராட்சிக்கு எதிரான பத்மா தேவி வழக்கில், சட்டம் தடுக்கும் வாடகையை நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வாடகை எனக் கூறல் பொருந்தாது எனத் தீர்த்தது. 1971இன் குண்டூர் வழக்கும் 1980இன் தேவன் தௌலத் ராய் கபூர் வழக்கும் அவ்வழியை உறுதிப்படுத்தின. பின்னதே பொதுப்புத்திக்கு இயைந்தது. எனினும் அதன் விளைவாக இந்திய நகரங்களின் வரிவருவாய் உறைந்துபோனமையும், 1990களிற் பட்னா மாநகராட்சி வாடகையை விடுத்துத் தளப்பரப்பையும் தெருவின் தன்மையையும் அடிப்படையாக்கியமையும், இந்திய உயர்நீதிமன்றம் 1995இல் அதனை ஏற்றமையும் மறுபக்க உண்மைகளாகும்.

கற்பனை வாடகையாளனின் தாயகமே குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரை அவனைக் கைவிட்டுவிட்டது. 1990இல் தலைவரியாற் பெரும் கொந்தளிப்பைச் சந்தித்த இங்கிலாந்து, 1993 முதல் வீடுகளை 1991 ஏப்ரல் 1ஆம் திகதி விற்பனைப் பெறுமதியின்படி எட்டு வகுப்புகளாகப் பிரித்து வரி அறவிடுகின்றது. அதன்பின் அங்கு முழு மறுமதிப்பீடு நிகழவில்லை. நேற்றுக் கட்டிய வீடும் அந்நாளில் நின்றிருந்தால் எவ்வளவுக்கு விற்கப்பட்டிருக்கும் என்றே மதிக்கப்படுகின்றது. ஆட்சேபிக்க விரும்பும் ஆங்கிலேயன் முப்பதாண்டுகளுக்கு முந்திய விலைகளைத் தேடிச் செல்லவேண்டியவனாகிறான். இலங்கைச் சட்டமோ முந்திய ஆண்டின் மதிப்பீட்டையே மீண்டும் ஏற்கச் சபைக்கு இடமளிக்கின்றது. அவ்வாறு ஆண்டுகள் பல ஏற்கப்பட்டபின் ஒருநாள் புதிய மதிப்பீடு வரும்போது எழும் அதிர்ச்சி, வரியின் பாரத்தாலன்றிக் காலதாமதத்தால் விளைவதாகும். அப்பொழுது கூடத்து மேசையில் அறிவித்தல் கிடக்க, ஒரு மாதம் ஓடத் தொடங்கியிருக்கும். மதிப்பீட்டுப் புத்தகம் சபையின் அலுவலகத்திற் கட்டணமின்றித் திறந்திருக்கும்.